அறுபத்து மூவர் படங்கள் கேமராவிலிருந்து இறங்க மறுக்கின்றன (உபுண்டு 22.04, ஷாட்வெல்)

தெப்பக்குளம் · புதன், இரவு 10:52

வணக்கம். இன்று மயிலாப்பூரில் அறுபத்து மூவர். மதியம் ஒரு மணிக்கே போய் தெற்கு மாட வீதியில் ஒரு திண்ணையில் இடம் பிடித்து, வெயிலில் காய்ந்து 412 படம் எடுத்தேன். இறக்கலாம் என்று கேமராவை லேப்டாப்பில் சொருகினால் ஃபைல் மேனேஜர் தானாகத் திறக்கிறது, கேமரா பெயரும் தெரிகிறது. படங்களை இறக்கி அடுக்கும் புரோகிராமான ஷாட்வெல்லில் போய் கேமராவைத் தொட்டால் மட்டும் "யூஎஸ்பி கருவியைக் கைப்பற்ற முடியவில்லை, -53" என்கிற பொருளில் ஒரு பிழை வந்து நிற்கிறது. போன வருடம் இதே லேப்டாப், இதே கேமரா, ஒரு தொந்தரவும் இல்லை.

லினக்ஸ்தான், உபுண்டு 22.04. கேமரா 9 வருடப் பழைய டிஎஸ்எல்ஆர். கார்டு 32 ஜிபி. எல்லாம் ஜேபெக், ரா எடுக்கவில்லை. எங்கள் அத்தை நீர்மோர்ப் பந்தலில் நின்றார், அவர் படத்தை நாளைக் காலைக்குள் கேட்டிருக்கிறார்.

ரிச்சிதெரு_ரவுண்டு · இரவு 11:05

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள் மேடம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய சுற்றுகின்றன. உள்ளே மின்சாரத்துக்கு இரண்டு கம்பி இருக்கும், டேட்டா போகிற இரண்டு கம்பி இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நானே ரிச்சி தெருவில் 60 ரூபாய்க்கு வாங்கி மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜன்னலோரம் · இரவு 11:09

விண்டோஸ் போடுங்க, முடிஞ்சுது.

கருப்புத்திரை · இரவு 11:31

ரவுண்டு சார், ஃபைல் மேனேஜரில் கேமரா பெயர் தெரிகிறது என்று அவர் சொல்லிவிட்டாரே. டேட்டா கம்பி இல்லாத கேபிளில் பெயர் எப்படி வரும்? கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது.

தெப்பக்குளம், உங்கள் சிக்கல் அந்த "தானாகத் திறக்கிறது" என்ற இடத்தில்தான் இருக்கிறது. கேமரா பென் டிரைவ் போல இணைவதில்லை. அது பேசும் மொழி பிடிபி, படம் பரிமாறவென்றே வந்த நெறிமுறை, ஐஎஸ்ஓ 15740 என்று தரப்படுத்தியிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பேசும் எம்டிபி அதிலிருந்து கிளைத்ததுதான். லினக்ஸில் இந்த மொழி தெரிந்த நூலகம் லிப்ஜிஃபோட்டோ2. ஷாட்வெல், டிஜிகாம் இரண்டும் அதைத்தான் கூப்பிடும். உபுண்டுவின் நோம் டெஸ்க்டாப்பில், ஃபைல் மேனேஜருக்குப் பின்னால் நின்று கருவிகளை இணைத்துக்கொடுக்கும் ஜிவிஎஃப்எஸ்ஸும் அதையேதான் கூப்பிடும்.

யூஎஸ்பியில் கேமராவோடு ஒரு நேரத்தில் ஒரே ஒரு புரோகிராம்தான் பேச முடியும். ரேஷன் கடை ஜன்னல் மாதிரி, ஒருவர் கையை நுழைத்திருந்தால் அடுத்தவர் நுழைக்க முடியாது. நீங்கள் சொருகிய கணமே ஜிவிஎஃப்எஸ் கையை நுழைத்துவிட்டது. ஷாட்வெல் பின்னால் வந்து "கைப்பற்ற முடியவில்லை" என்று புலம்புகிறது. சாதாரணமாக ஷாட்வெல்லே "விடுவிக்கட்டுமா" என்று கேட்கும். ஃபைல் மேனேஜரில் அந்த ஃபோல்டர் திறந்திருந்தால் சில நேரம் அதுவும் தோற்றுப்போகும்.

செய்ய வேண்டியது: கேபிளைப் பிடுங்காதீர்கள். ஃபைல் மேனேஜரின் இடது பக்கத்தில் கேமரா பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வெளியேற்று அம்புக்குறியை அழுத்துங்கள். ஜன்னலை மூடுங்கள். பிறகு ஷாட்வெல்லைத் திறங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டெர்மினலில் பி-கில், ஒரு இடைவெளி, கழித்தல் குறியோடு எஃப், இன்னொரு இடைவெளி, ஜிஃபோட்டோ2. (ஃபோனில் தமிழ்க் கீபோர்டு, மாற்றச் சோம்பல். நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.) அது ஜிவிஎஃப்எஸ்ஸின் கேமரா பகுதியை மட்டும் கொல்லும். கொஞ்ச நேரத்தில் மறுபடி உயிர்த்தெழும், அதற்குள் ஷாட்வெல்லைத் தொட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கேமராவில் தானாக அணையும் நேரம் ஒரு நிமிடம் என்று இருந்தால் கூட்டி வையுங்கள். வைஃபை போட்டிருந்தால் அணையுங்கள், சில மாடல்களில் வைஃபை இயங்கும்போது யூஎஸ்பி வேலை செய்யாது.

பள்ளிக்கரணை_கொக்கு · இரவு 11:48

இவ்வளவு எதற்கு? கார்டைக் கழற்றி லேப்டாப்பில் சொருகுங்கள். டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதைத் திறந்து காப்பி செய்தால் ஆயிற்று. கார்டு வெறும் டிஸ்க், பிடிபியும் வேண்டாம் ஜிவிஎஃப்எஸ் சண்டையும் வேண்டாம். கேமரா பேட்டரியும் மிச்சம். நான் சதுப்பு நிலத்தில் ஒரு காலையில் ஆயிரம் ஃப்ரேம் அடிப்பவன், கேமராவில் கேபிள் சொருகி வருஷக்கணக்காகிறது.

தெப்பக்குளம் · வியாழன், அதிகாலை 12:20

கருப்புத்திரை சார், அம்புக்குறி அழுத்தியதும் ஷாட்வெல் படங்களைக் காட்டிவிட்டது! ஆனால் பாதி இறங்கும்போது கேமரா அணைந்துவிட்டது. நீங்கள் சொன்ன அந்த ஒரு நிமிடமோ, பேட்டரியோ. கொக்கு சொன்ன மாதிரி கார்டையே எடுத்துப் போட்டுவிடுகிறேன். மிக்க நன்றி இருவருக்கும்.

போஸ்_தலைமுறை · வியாழன், காலை 7:40

இதே இழையில் ஒரு சந்தேகம் கேட்கலாமா? ப்ளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கமே வந்தேன். அந்த மெஷின் இன்னும் ஓடுகிறது, ஆனால் 64 ஜிபி கார்டு போட்டால் "தெரியாத ஃபைல் சிஸ்டம்" என்கிறது. 16 ஜிபி கார்டு திறக்கிறது.

கருப்புத்திரை · காலை 8:02

32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி கார்டு, அதில் ஃபைல் சிஸ்டம் ஃபேட்32. அதைத் தாண்டினால் எஸ்டிஎக்ஸ்சி, அதில் எக்ஸ்ஃபேட். எக்ஸ்ஃபேட்டின் வரையறையை மைக்ரோசாஃப்ட் 2019இல்தான் வெளியிட்டது. இன்று கர்னலில் (லினக்ஸின் உள்மையம்) இருக்கும் டிரைவர் 5.7 பதிப்பில் வந்தது. உங்கள் கர்னல் அதற்கு முந்தியதாக இருக்கும். எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ் என்ற பொதியை நிறுவுங்கள், போதும். கார்டை ஃபேட்32 ஆக மாற்றும் விபரீத யோசனை மட்டும் வேண்டாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, நீளமான வீடியோ எடுத்தால் மாட்டுவீர்கள்.

போஸ்_தலைமுறை · காலை 8:30

திறந்துவிட்டது அண்ணா! இன்னொன்று. வீடியோக்கள் மட்டும் நேரம் தப்பாக வரிசையாகின்றன. சாயங்காலம் 4 மணிக்கு எடுத்தது இரவு 9:30 என்று காட்டுகிறது. படங்கள் சரியாக இருக்கின்றன.

கருப்புத்திரை · காலை 8:41

சரியாக ஐந்தரை மணி நேரம், கவனித்தீர்களா? எம்பி4, எம்ஓவி ஃபைல்களில் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) எழுத வேண்டும் என்பது விதி. பல கேமராக்கள் கையில் இருக்கும் கடிகார நேரத்தையே அங்கே எழுதிவிடும். புரோகிராம் அதை யூடிசி என்று நம்பி, இந்திய நேரமாக்குகிறேன் பேர்வழி என்று 5:30ஐக் கூட்டும். படத்துக்குள்ளேயே கேமரா பதியும் எக்ஸிஃப் விவரத்தின் தேதிக்கு அந்த விதி இல்லை, அதனால் தப்பித்தன. இந்த விவரங்களைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் புரோகிராமில் வீடியோக்களுக்கு மட்டும் 5:30ஐக் கழித்துவிடுங்கள். முதலில் ஒரே ஒரு பிரதியில் சோதித்துப் பாருங்கள்.

தெப்பக்குளம் · வியாழன், காலை 9:15

கை நடுங்குகிறது. எண்ணிப் பார்த்தேன், ஃபோல்டரில் நேற்றைய படங்கள் 287தான் இருக்கின்றன. 125 காணோம். அத்தை இருந்த பந்தல் படங்கள் எதுவுமே இல்லை.

நேற்று இரவு செய்தது இது. கார்டில் இருந்த எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து "படங்கள்" ஃபோல்டரில் இழுத்துப் போட்டேன். நடுவில் "இதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே உள்ளது" என்று கேட்டது. ஷாட்வெல் பாதி இறக்கிய படங்கள்தானே என்று "தவிர்", "எல்லாவற்றுக்கும்" கொடுத்துவிட்டேன். முடிந்ததும் கேமராவில் கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். ஆமாம், திட்டுங்கள்.

ரிச்சிதெரு_ரவுண்டு · காலை 9:18

ஐயோ. கார்டை வெளியே எடுத்துப் பூட்டுங்கள் முதலில்!! பக்கவாட்டில் சின்ன லாக் இருக்கும், அதைக் கீழே தள்ளுங்கள். இனி அதில் ஒரு எழுத்துகூட விழக்கூடாது.

கருப்புத்திரை · காலை 9:34

திட்டுவதற்கு நேரம் இல்லை, மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒன்று, ஃபார்மட்டில் "லோ லெவல்" என்று டிக் போட்டீர்களா? இரண்டு, ஃபார்மட்டுக்குப் பிறகு படம் எடுத்தீர்களா? மூன்றாவதுதான் எனக்கு இடிக்கிறது. ஷாட்வெல் வழக்கமாக வருடம், மாதம், நாள் என்று தனித்தனி ஃபோல்டர் போட்டு அதற்குள்தான் இறக்கும். நீங்கள் இழுத்துப் போட்டது வெளி ஃபோல்டரில். அப்படியென்றால் "ஏற்கெனவே உள்ளது" என்று அது சொன்ன 125 படங்கள் ஷாட்வெல் இறக்கியவை அல்ல. வேறு எவை? அந்தப் பெயர்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தெப்பக்குளம் · காலை 9:52

லோ லெவல் டிக் இல்லை. ஃபார்மட் செய்த பிறகு பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பால்கனியிலிருந்து 3 படம் எடுத்தேன்.

ஃபோல்டரைப் பார்த்தேன். நேற்றைய படங்கள் 9713இல் தொடங்கி 9999 வரை இருக்கின்றன. 0001 முதல் 0125 வரைக்கும் படங்கள் இருக்கின்றன, ஆனால் அவை நேற்றையவை இல்லை. 9 வருடத்துக்கு முன் கேமரா வாங்கிய வாரம் எடுத்தவை. தாத்தாவின் சதாபிஷேகம்.

கருப்புத்திரை · காலை 10:10

கிடைத்துவிட்டது.

கேமராக்கள் ஃபைல் பெயரில் நான்கு இலக்க எண்தான் வைக்கும். டிசிஎஃப் என்ற பொதுத் தரம் அப்படி. 9999க்கு அடுத்து 10000 கிடையாது, மறுபடி 0001. அப்போது கார்டில் 100 என்று தொடங்கும் ஃபோல்டருக்குப் பக்கத்தில் 101 என்று புது ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். பல்லக்குகள் மாட வீதியைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கேமரா தன் பத்தாயிரமாவது படத்தைத் தாண்டியிருக்கிறது. 287ம் 125ம் கூட்டினால் 412. கணக்கு நேராகிறது.

இரண்டு ஃபோல்டரிலிருந்தும் ஒரே இடத்தில் இழுத்தீர்கள். புது 0001 வந்து நின்றது, அங்கே 9 வருடப் பழைய 0001 உட்கார்ந்திருந்தது. "தவிர்" என்றதும் புதியது உள்ளே வரவில்லை. ஒரு நல்லது சொல்கிறேன், "மாற்று" என்று கொடுத்திருந்தால் தாத்தாவின் படங்கள் போயிருக்கும்.

இப்போது மீட்பு. லோ லெவல் போடாத ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பது மாதிரி, உள்பக்கங்கள் அப்படியே இருக்கும். நீங்கள் எடுத்த 3 பால்கனிப் படங்கள் கார்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அங்கே இருந்தவை 9713, 9714 அந்தப் பக்கம். அவை ஏற்கெனவே உங்கள் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கின்றன. பந்தல் படங்கள் பின்னால் கிடப்பவை. எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது.

பள்ளிக்கரணை_கொக்கு · காலை 10:15

கார்டைக் கழற்றிக் காப்பி செய்யச் சொன்னது நான். இரண்டு ஃபோல்டர் இருக்கலாம் என்று சொல்லாமல் விட்டது என் தவறு அக்கா. நான் ஒவ்வொரு முறையும் அன்றைய தேதியில் புது ஃபோல்டர் போட்டு, டிசிஐஎம்மை முழுசாக அப்படியே காப்பி செய்வேன். பழக்கமாகிப்போனதால் சொல்லத் தோன்றவில்லை.

கருப்புத்திரை · காலை 10:40

படிப்படியாக எழுதுகிறேன், அவசரப்படாதீர்கள்.

லாக் தள்ளிய கார்டை லேப்டாப்பில் போடுங்கள். டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே என்று கொடுத்து 32 ஜிபி அளவில் எந்தப் பெயர் தெரிகிறது என்று பாருங்கள். லேப்டாப்பின் சொந்த ஸ்லாட் என்றால் எம்எம்சி என்று தொடங்கும், வெளி ரீடர் என்றால் பெரும்பாலும் எஸ்டிபி. ஹார்டு டிஸ்க்கின் பெயரோடு குழப்பிக்கொண்டால் விளைவு வேறு மாதிரி ஆகிவிடும், இரண்டு முறை பாருங்கள்.

கார்டில் நேரடியாக எந்த மீட்பு வேலையும் வேண்டாம். டிடிரெஸ்க்யூ நிறுவி கார்டு முழுவதையும் ஒரே இமேஜ் ஃபைலாக (படம் அல்ல, கார்டின் அச்சு நகல்) லேப்டாப்பில் எடுங்கள். 32 ஜிபி காலி இடம் வேண்டும். நொடிக்கு 20 எம்பி என்று ஓடினால் அரை மணிக்குள் முடியும். அதன்பின் கார்டை எடுத்து டப்பாவில் போட்டுவிடலாம்.

அடுத்து டெஸ்ட்டிஸ்க் என்ற பொதியை நிறுவுங்கள், அதற்குள்ளேயே ஃபோட்டோரெக் வருகிறது. அந்த இமேஜ் ஃபைலை அதற்குக் கொடுங்கள். ஃபைல் சிஸ்டம் வகையில் ஃபேட் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். காலி இடம் மட்டுமா முழுவதுமா என்று கேட்டால் முழுவதும். சேமிக்கும் இடம் லேப்டாப்பில் ஒரு புது ஃபோல்டர். ஃபோட்டோரெக் பொருளடக்கத்தையே நம்பாது, கார்டு முழுக்க ஜேபெக்கின் தொடக்க அடையாளத்தைத் தேடிக்கொண்டே போகும். அதனால் பழைய பெயர் எதுவும் திரும்பி வராது, எஃப் என்று தொடங்கி ஒரு நீள எண்தான். கூடவே டி என்று தொடங்கும் குட்டி ஃபைல்கள் வரும், அவை சிறுபடங்கள், அழித்துவிடலாம். போன வருடத்துப் படங்களும் எழுந்து வரும், பயப்படாதீர்கள்.

ஜன்னலோரம் · காலை 10:47

விண்டோஸிலும் இதேபோல ஒருதரம் மாட்டியிருக்கிறேன். இதே ஃபோட்டோரெக்தான் காப்பாற்றியது. நேற்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

தெப்பக்குளம் · மதியம் 1:26

1,143 ஃபைல்! எதை எது என்று பிரிப்பது? எல்லாம் எண்ணாக இருக்கிறது. தீபாவளி, வேடந்தாங்கல், யாரோ ஒருவரின் ஸ்கூட்டர்.

பள்ளிக்கரணை_கொக்கு · மதியம் 1:40

பெயர்தான் போயிற்று, படத்துக்குள் எக்ஸிஃப் அப்படியே இருக்கும். எடுத்த தேதி, நேரத்தையே ஃபைல் பெயராக வைக்கச் சொல்லும் வசதி எக்ஸிஃப்டூலில் உண்டு. ஒரே நொடியில் இரண்டு படம் இருந்தால் பின்னால் வரிசை எண் சேர்க்கச் சொல்லுங்கள், நீங்கள் தொடர் ஷாட் அடித்திருப்பீர்கள். அப்புறம் பெயர்படி வரிசைப்படுத்தினால் நேற்றையவை அத்தனையும் கடைசியில் ஒன்றாக நிற்கும்.

தெப்பக்குளம் · மதியம் 2:55

நேற்றைய தேதியில் 409 வந்திருக்கின்றன. காணாமல் போன 125ம் அதில் முழுசாக இருக்கின்றன. கருப்புத்திரை சார் சொன்னபடியே முதல் மூன்று மட்டும் இல்லை. 9713, 9714, 9715. மூன்றும் லேப்டாப்பில் இருக்கின்றன.

இனி ஷாட்வெல்லா, கொக்கு சொன்ன மாதிரி கைக்காப்பியா?

கருப்புத்திரை · மாலை 4:18

எனக்கு ஷாட்வெல்மேல் கோபம் இல்லை. பெயர் வேறாக இருந்தாலும் ஒரே படத்தை இரண்டாம் முறை உள்ளே விடாது, ஏனென்றால் அது பெயரைப் பார்க்காமல் ஃபைலின் உள்ளடக்கத்தை ஒப்பிடுகிறது. உங்களைக் கவிழ்த்தது ஃபைல் மேனேஜர். அதற்குப் பெயர் மட்டும்தான் தெரியும்.

என் வீட்டில் நான் வைத்திருப்பது ராபிட் ஃபோட்டோ டவுன்லோடர். உபுண்டு களஞ்சியத்திலேயே இருக்கிறது. இறக்கும்போதே தேதி, நேரத்தை வைத்துப் பெயர் மாற்றிவிடும், ஏற்கெனவே இறக்கியது எது என்று நினைவு வைத்துக்கொள்ளும், இரண்டாவது டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒரு பிரதி போடும். எது வைத்தாலும் "இறக்கியதும் கேமராவிலிருந்து அழி" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்டில் எத்தனை, லேப்டாப்பில் எத்தனை என்று எண்ணிய பிறகு, மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள். இரவு 12 மணிக்கு வேண்டாம்.

ரிச்சிதெரு_ரவுண்டு · மாலை 4:25

அந்த 60 ரூபாய் கேபிள் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா? சார்ஜ் நன்றாக ஏறும்.

தெப்பக்குளம் · இரவு 8:03

அத்தைக்கு அனுப்பிவிட்டேன். 0041ஆம் படம், கையில் அகப்பையோடு, பின்னால் ஒரு பல்லக்கு சாய்ந்தபடி போகிறது. பார்த்துவிட்டு, "புடவைத் தலைப்பு சரியா இல்லையே, வேற எடுக்கலையா?" என்றார். எடுத்திருக்கிறேன், இன்னும் 14 இருக்கின்றன.

கூடவே பழைய 0041ஐயும் அனுப்பினேன். அதில் அதே அத்தை, தாத்தா தலையில் கலச நீர் ஊற்றுகிற வரிசையில் நிற்கிறார். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.